வலை கரையேறியதும் நின்றுபோன பாடம்

பக்கத்து வீட்டுப் பிள்ளை இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறது. பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் மதிலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசிக்கும். முதல் பத்து நிமிடம் குரல் கணீரென்று இருக்கும். பிறகு சொற்களுக்கு நடுவே இடைவெளி விழும். பிறகு முணுமுணுப்பு. பிறகு ஒன்றுமில்லை. நேற்று அப்படி அந்தக் குரல் அடங்கியபோது, இந்தப் பக்கம் சாய்மனைக் கதிரையில் கிடந்த என் வலது கை தானாகவே விலாவைப் பொத்திக்கொண்டது. யாரோ இப்போது குத்தப் போகிறார்கள் என்று அது நினைத்துவிட்டது. எண்பது தாண்டிய உடம்பு இது. மாத்திரை நேரத்தை மறந்துவிடுகிறது, பேரப்பிள்ளைகளின் பெயர்களை மாற்றிச் சொல்கிறது, அந்தக் குத்தை மட்டும் மறக்கவில்லை.

குத்தியவன் பெயர் ஆதம்பாவா. அவனிடம் வருவதற்கு முன் என் நித்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஐம்பதுகளின் நடுவில் சாய்ந்தமருதுக் கடற்கரையில் என்னைவிட அதுதான் பிரபலம். நின்றுகொண்டே தூங்குவேன். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் தூங்குவேன். எஸ்.எஸ்.சி. பரீட்சையை முதல் முறை எழுதியபோது கணக்கில் விழுந்தேன். அது மரியாதையான தோல்வி. இரண்டாம் முறை பரீட்சை மண்டபத்திலேயே தூங்கிவிட்டேன். என்னை எழுப்பியவர் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். ஏனென்று வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் எழுதிய இரண்டு வரி விடை கன்னத்தில் இடம் வலமாக ஒட்டியிருந்தது, கண்ணாடியில் நேராகத் தெரிந்தது. வாசித்துப் பார்த்தேன். விடையும் பிழை.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக அது இருக்கவில்லை. வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போய் நாலு வருடம். எனக்குக் கீழே மூன்று தங்கச்சிமார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். கரைவலை இழுக்கிறவன் மூன்று வீடு கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எஸ்.எஸ்.சி. தேறினால் ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கொரு வயதெல்லை இருந்தது, அடுத்த வருடம் நான் அதைத் தாண்டிவிடுவேன். ஆக, மூன்றாவது முறைதான் கடைசி முறை. உம்மா அதை அதட்டிச் சொல்லவில்லை, அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு நாள் மீன் அறுத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

“இந்த முறையும் போனா புத்தகத்தக் கட்டி வெச்சிரு மனே. நீ படுற பாட்டப் பாக்க எனக்கு ஏலாது.”

கரைவலை இழுப்பது என்றால் என்னவென்று இப்போதெல்லாம் விளக்க வேண்டியிருக்கிறது. விடியமுன் சுபஹு தொழுதுவிட்டுக் கரைக்குப் போவோம். தோணி ஒரு கயிற்று நுனியைக் கரையில் விட்டுவிட்டு, கடலில் வலையை வளைத்துப் போட்டபடி போய், மறு நுனியோடு தூரத்தில் கரை சேரும். இரண்டு நுனியிலும் இரண்டு வரிசை ஆட்கள். குதிகாலை மணலில் ஊன்றி, பின்னால் சாய்ந்து, பின்பக்கமாகவே நடந்து இழுக்க வேண்டும். நடந்து நடந்து வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டால் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீரோரம் ஓடி, மறுபடி முதல் ஆளாகப் பிடிக்க வேண்டும். மூன்று மணித்தியாலம், சில நாள் நாலு. தும்புக் கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துவிடும், மிச்சத்தை உப்புத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். காலையில் ஒரு வளைப்பு, பின்னேரம் இன்னொன்று. இரவில் படித்திருக்கலாமே என்பீர்கள். இஷாத் தொழுகைக்குப் பிறகு நான் மனிதன் இல்லை, விறகுக்கட்டை. எனக்கென்று மிஞ்சியது இரண்டு வளைப்புக்கும் நடுவே உள்ள மத்தியானம்தான். வெளியே வெயில் கொதிக்கும். கடற்கரை வாடிக்குள், அதாவது வலைகள் போட்டுவைக்கும் ஓலைக் கொட்டிலுக்குள், காற்று சிலுசிலுக்கும். வயிற்றில் சோறு இருக்கும். நித்திரைக்கென்றே படைத்த நேரம் அது.

என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். நேர அட்டவணை எழுதி வாடிக் கம்பில் சோற்றால் ஒட்டினேன். சோற்றை எறும்பு தின்றது, அட்டவணையைக் காற்று கொண்டுபோனது. கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து படித்தேன், தூங்கி விழுந்து முழங்கை பெயர்ந்தது. எங்களுக்குக் கணக்குப் படிப்பித்த வாத்தியார் வீரமுனையிலிருந்து சைக்கிளில் வருபவர். அந்தக் காலத்தில் நித்திரை வராமலிருக்கக் குடுமியைக் கூரை வளையில் கட்டிக்கொண்டு படிப்பார்களாம் என்று அவர் வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. என் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். கட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

அந்த மத்தியானங்களில் வாடிக்குள் இருந்து கிழிந்த வலை பொத்துகிறவன் ஆதம்பாவா. என் வயதுக்காரன். சிறு வயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் சூம்பிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. வளைப்பு நேரத்தில் வரிசையின் கடைசியில் உட்கார்ந்து, வருகிற கயிற்றைச் சுருட்டி வைப்பது அவன் வேலை. யோசனையை அவன்தான் சொன்னான். நான் சத்தமாக வாசிக்க வேண்டும், அவன் வலை பொத்திக்கொண்டு கேட்டிருப்பான், சத்தம் நின்றால் கையிலிருக்கும் மூங்கில் ஊசியால் விலாவில் குத்துவான். அவனுக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒரு குரல் தூங்கப் போவது அந்தக் குரலுக்கே தெரியும் முன் அவனுக்குத் தெரிந்துவிடும்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும், அனுபவித்தவனுக்கு அப்படி இல்லை. ஒரு நாள் காலை வளைப்பில் வலை வெறுமையாக வந்தது. உடம்பு முழுக்க வலி. ஒரே வசனத்தை ஏழெட்டுத் தடவை வாசித்தேன், ஒவ்வொரு தடவையும் நடுவில் குரல் போய்விட்டது, ஒவ்வொரு தடவையும் குத்து விழுந்தது. கடைசிக் குத்துக்கு எழுந்து அவன் கன்னத்தில் அறைந்துவிட்டேன். தொப்பி போய் வலைக் குவியலில் விழுந்தது. அவன் கையை நீட்டித் தொப்பியை எடுத்துத் தட்டி, தலையில் வைத்துக்கொண்டான். ஊசியை எடுத்தான்.

“அடிச்சிட்டாய்தானே மச்சான். மறுகா வாசி.”

அழுதுகொண்டே வாசித்தேன். மூளை போதாது என்றால் அதையாவது குறை சொல்லலாம். மூளைக்குப் போகிற வழியிலேயே உடம்பு குறுக்கே படுத்துக்கொண்டால் யாரைக் குறை சொல்வது? இந்தக் கயிற்றிலேயே நரைத்து, இந்த மணலிலேயே விழுந்து சாகப் போகிறேன் என்று அன்றைக்கு நிச்சயமாகத் தெரிந்தது. என்னை நான் அவ்வளவு வெறுத்தது அதற்கு முன் இல்லை.

அதற்கடுத்த வாரம்தான் அம்பா யோசனை வந்தது. வலை இழுக்கும்போது ஒருவன் அடியெடுத்துப் பாட மற்றவர்கள் ‘ஏலோ’ என்று சேர்ந்து இழுக்கிற பாட்டுத்தான் அம்பா. என் உடம்பு தூங்காத நேரம் கயிறு பிடிக்கிற நேரம் மட்டும்தானே, பாடத்தை அங்கேயே கொண்டுபோனால் என்ன? தோணிக்கும் ஆட்களுக்கும் தலைவரான தண்டயலிடம் கேட்டேன். இழுவை குறையாமல் இருந்தால் நீ எதையும் பாடு என்றார்.

தென்மேற்குக் காத்து, ஏலோ
மே மாசம் வருகுது, ஏலோ
மலைநாட்டில் மழையாம், ஏலோ
மட்டக்களப்பில் வெயிலாம், ஏலோ

மூன்றாம் நாள் தண்டயல் இழுவையை நிறுத்தாமலே ஆட்சேபம் தெரிவித்தார். அதென்ன தென்மேற்கு, கச்சான் என்று சொல், எங்களுக்குத் தெரியாத காற்றா என்றார். சரித்திரம் தொடங்கியதும் நிலைமை இன்னும் மோசம். அநுராதபுரத்தை விட்டு ராசாக்கள் ஏன் பொலன்னறுவைக்குப் போனார்கள் என்பதில் இரண்டு வரிசைக்கும் கருத்து வேறுபாடு வந்துவிட்டது. அங்கே மீன் பட்டிருக்காது, அதுதான் காரணம் என்று வடக்கு வரிசை அடித்துச் சொன்னது. ஆனாலும் பாடம் உள்ளே போனது. புத்தகத்தில் பிடிபடாத வரிகள் கயிற்றில் பிடிபட்டன. கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது எனக்கு.

மாரி பிறந்து கடல் கொந்தளித்ததும் கரைவலை நின்றது. படிக்க நேரம் கிடைத்ததென்று நினைக்காதீர்கள். சம்மாந்துறை வட்டையில், வயல் சேற்றுக்குள் இறங்கி வரம்பு கட்டப் போனோம். களைப்பு இடம் மாறியது, குறையவில்லை.

பரீட்சை கல்முனையில். முதல் நாள் தூறலுக்குள் ஆதம்பாவாவும் கூட நடந்து வந்தான். துணைக்கு என்றான். பூமிசாத்திர வினாத்தாளைப் பார்த்ததும் என் குதிகால் இரண்டும் தரையில் ஊன்றிக்கொண்டன. எல்லாம் தெரிந்த கேள்வி. பேனை ஓடியது. ஓடி, முக்கால்வாசியில் நின்றது. அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அதுவும் முக்கால்வாசியில் நின்றது. மூன்றாவதும் அப்படியே. கண்ணை மூடினால் கடல்தான் தெரிந்தது.

அப்போதுதான் நான் செய்த பிழை விளங்கியது. வலையின் மடி, அதாவது மீன் சேரும் பை, கரையை நெருங்கியதும் அம்பா நின்றுவிடும். இளந்தாரிகள் எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடுவோம், மீன் கீழால் தப்பாமல் வலையின் அடிக்கயிற்றை மிதித்துப் பிடிக்க. ஒரு வளைப்புக்கு ஒரு பாடம் என்று வைத்திருந்தேன். ஒவ்வொரு பாடமும் அந்த இடத்தில் வந்து அறுந்திருக்கிறது. ஒன்றின் முடிவையும் நான் பாடியதே இல்லை. மத்தியானம் அந்த முடிவுகளை வாசித்ததெல்லாம் அரை நித்திரையில். மண்டபத்தில் மூன்று மணித்தியாலமும் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். முழித்திருந்து என்ன பயன்?

வெளியே வாகை மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தோடு நின்றான் ஆதம்பாவா. எல்லாம் போயிற்று என்றேன். நடந்ததைச் சொன்னேன். எந்த இடத்தில் நின்றது என்று கேட்டான். சொன்னேன்.

“அங்கால எனக்குத் தெரியும்” என்றான்.

சொல்லத் தொடங்கினான். பொட்டலத்தைப் பிடித்தபடி, கண்ணைப் பாதி மூடி, ஒவ்வொரு பாடத்தின் கடைசிப் பகுதியையும் சொன்னான். நான் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு சொல் பிசகவில்லை. நாங்கள் தண்ணீருக்குள் ஓடும்போது அவன் ஓடுவதில்லை. அந்தக் காலோடு ஓடவும் ஏலாது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, மத்தியானங்களில் கேட்ட மீதிப் பாடத்தைத் தனக்குள்ளே பாடி முடித்திருக்கிறான். மிச்ச நாட்கள் முழுக்கச் சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்கு நடக்கும் வழியில், காலை இழுத்து இழுத்து வைத்தபடி, சரித்திரத்தின் முடிவுகளும் சுகாதாரத்தின் முடிவுகளும் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் வாயால் கேட்டு நான் எழுதினேன் என்பதே உண்மை.

தேறிவிட்டேன். பெறுபேறு வந்ததும் வாடிக்கு ஓடினேன். எல்லோரும் கட்டிப் பிடித்தார்கள். ஆதம்பாவா வலையை மடியிலிருந்து இறக்காமலே கேட்டான்: “அப்ப நானும் பாஸ்தானே மச்சான்?”

வாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். அவனும் சிரித்தான். ஆட்கள் கலைந்த பிறகு, குரலைத் தாழ்த்தி, நான் கலாசாலையிலிருந்து லீவில் வரும்போது அவனுக்கு எழுத்துச் சொல்லித் தர முடியுமா என்று கேட்டான். ஓம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

முதல் லீவில் நாளைக்கு, நாளைக்கு என்றே நாள் போயிற்று. இரண்டாம் லீவில் அவன் வீடு தேடி வந்தான். நான் சாப்பிட்டுவிட்டு உள்ளே பாயில் படுத்திருந்தேன். எழுதிப் பழகக் கொப்பி ஒன்று வாங்கி வந்திருக்கிறேன் என்று என் உம்மாவிடம் அவன் சொல்வது கேட்டது. உம்மா என்னை எழுப்பவில்லை.

“புள்ள களைச்சிப் படுத்திரிக்கான் பாவா. பின்னேரம் வாவன்.”

நான் நித்திரையில்லை. முழித்துத்தான் இருந்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவன் கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றான். பிறகு ஒழுங்கை மணலில் கால் இழுபடும் சத்தம் தூரப் போனது. பின்னேரம் அவன் வரவில்லை, நானும் போகவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தேன். மூன்று தங்கச்சிமாருக்கும் வீடு எழும்பியது. களைத்த நேரத்தில் எப்படிப் படிப்பது என்று பரிசளிப்பு விழாக்களில் பிரசங்கம்கூடச் செய்திருக்கிறேன். அதில் அம்பா வரும், மூங்கில் ஊசி வரும், கைதட்டலும் கிடைக்கும். அந்த மத்தியானம் மட்டும் வராது. எனக்காக என்றபோது அழுதுகொண்டாவது முழித்திருந்தேன். அவனுக்காக எழும்பி உட்கார ஏலாமல் போனது. அதைக் களைப்பு என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன்.

அவன் மகளின் நிக்காஹுக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டான். பதிவுப் புத்தகத்தில் பெண்ணின் வாப்பா ஒப்பமிடும் இடத்தைக் காட்டிப் பேனையை நீட்டினார்கள். அவன் அதை வாங்கி, என் பக்கம் திருப்பித் தந்தான்.

“எனக்கு இது ஏலாது மாஸ்டர். நீங்க பேர எழுதுங்க, நான் விரல வெக்கிறன்.”

நையாண்டியாகச் சொல்லவில்லை. மரியாதையாகச் சொன்னான். எழுதினேன். நான் எழுதிய பெயருக்குப் பக்கத்தில் மையில் தோய்த்த விரலை வைத்துவிட்டு, சாறன் நுனியில் துடைத்துக்கொண்டான்.

இப்போது கரைவலையை உழவு இயந்திரம் இழுக்கிறது. ஒருவர் உட்கார்ந்து ஓட்டினால் போதும், அம்பாவுக்கு வேலையில்லை. வாடி இருந்த இடத்தில் கடல் இருக்கிறது. தண்டயல் போய்விட்டார். இரண்டு வரிசையிலும் நின்றவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிவிட்டார்கள், ஆதம்பாவாவும்தான். என்னை மச்சான் என்று கூப்பிட இந்தக் கரையில் இன்று ஒருவரும் இல்லை. மற்றவர்கள் சாகும்வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவன் மட்டும் வெகு காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டான்.