மாலை போட்ட திரை

சுங்கைப்பட்டாணி பாக்கார் ஆராங்கில் காருக்குப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருந்தபோது கவிதா அழைத்தாள். "அங்கிள், அப்பா போயிட்டாரு. தலைவலின்னு படுத்தாரு, எழுந்திரிக்கவே இல்ல." அவள் அப்பா, என்னோடு வேலை செய்த குணசேகரன் அண்ணன், ஓய்வுபெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். துக்கத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. அவர்மீது விழுந்த பழி துடைக்கப்படாமலேயே போய்விட்டார்.

அவர் சாதுவான மனிதர் இல்லை என்பது கூட வேலை செய்தவர்களுக்குத் தெரியும். கோலா கெத்தில் என்ற ஊரின் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, எங்கள் நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு மேற்பார்வையாளரானவர். நான் அங்கே ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். பம்புகளை வெளியூரிலிருந்தும் இயக்கக்கூடிய கணினி வந்தபோது, அதன் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டச் சொன்னவர் எங்கள் மேலாளர். அண்ணன் அதைக் கிழித்துப் போடுவார். மறுநாள் வேறொரு தாள் இருக்கும்.

"ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்காது லா குணா. ஏன் சூசா பண்ற, தேவையில்லாத தொல்லை?" என்பார் மேலாளர்.

"உங்க வீட்டுச் சாவியைக் கேட்லயே தொங்க விடுவீங்களா போஸ்?" என்பார் இவர்.

அந்த வருட ஆயுத பூசைக்கு வழக்கம்போல் பம்புகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். கணினித் திரைக்கும் மாலை போட்டோம். மேலாளர் அதை அழகாகப் படமெடுத்துத் தம் முகநூல் பக்கத்தில் போட்டார். மாலைக்குக் கீழே அந்தத் தாள், எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. பார்த்தவர்கள் சுண்டல் கிடைக்குமா என்று கேட்டு எழுதினார்கள்.

சில நாள் கழித்து ஒரு காலையில், யாரும் தொடாமலே திரையில் அம்பு நகர்ந்தது. ஆற்றிலிருந்து நீர் இழுக்கும் பம்புகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தக் கடவுச்சொல்லோடு எவனோ வெளியிலிருந்து நுழைந்துவிட்டான் என்று புரிந்து, அண்ணன் இணையக் கம்பியைப் பிடுங்கினார். "பம்ப் ஹவுஸுக்கு ஓடுங்கடா. இனிமே எல்லாம் கையாலதான்." சாயங்காலம் வரை அப்படித்தான் ஓட்டினார்கள். சுங்கைப்பட்டாணியில் ஒரு குழாய்கூட வற்றவில்லை. வற்றாததால் ஊருக்கு எதுவும் தெரியவில்லை. நன்றி சொல்லவும் ஆள் இல்லை.

கட்டுப்பாட்டு அறையில் பூசை நடத்தவிட்டது மேற்பார்வையாளரின் தவறு என்று விசாரணை முடிந்தது. படத்தைப் போட்டவர் யார் என்று விசாரணையிலேயே நான் சொன்னேன். அதைப் பேச இது இடமில்லை என்றார் மேலாளர். என் பதவி உயர்வு அதோடு நின்றது. கூட இருந்து மாலை கட்டியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலர் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "சாமி கும்பிட்டது தப்பில்ல தம்பி. ரகசியத்த ஸ்கிரீன்ல ஒட்டச் சொன்னான் பாரு, அதுதான் தப்பு."

அவரைக் கழிவுநீர் நிலையத்துக்கு மாற்றினார்கள். தண்டனைதான். அங்கும் கண்டிப்பு குறையவில்லை. புதுக் கருவி பொருத்த வந்த ஒப்பந்த நிறுவனப் பையன், கருவியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் கிளம்பப் பார்த்தான். அண்ணன் வாசலை மறித்து நின்றார்.

"அண்ணே, பீத்தண்ணிய எவன் வந்து திருடப் போறான்?"

"திருட மாட்டான்டா. பம்ப நிறுத்துவான். மழை நாள்ல நின்னா முதல்ல உன் வீட்டு பாத்ரூம்லதான் பொங்கும். மாத்திட்டுப் போ."

அவன் முனகிக்கொண்டே மாற்றினான்.

சாவு வீட்டுக்கு மேலாளர் மலர்வளையத்தோடு வந்தார். கவிதாவிடம், "உங்கப்பா நல்ல மனுஷன்மா. அந்த ஒரு தப்பு மட்டும் நடக்காம இருந்திருந்தா..." என்று இழுத்தார். அவள் தலை குனிந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"படத்தைப் போட்டது நீங்க சார்."

"இது சாவு வீடு. இங்க வேணாமே."

"விசாரணையிலயும் இது இடமில்லைன்னுதான் சொன்னீங்க. எதுதான் இடம்?"

அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்.

எல்லோரும் போனபின் கவிதா கேட்டாள். "அப்பா மேல தப்பு இல்லதானே அங்கிள்? எழுதுவீங்களா? அவரைத் தெரிஞ்சவங்க படிக்கட்டும்."

இல்லை. அவர்மேல் தப்பு இல்லை. எழுதிவிட்டேன்.

அவரிடமிருந்து பொறுமையை எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல முடியாது; அது அவரிடம் இருந்ததில்லை. யாரும் பார்க்காதபோதும் வேலையைச் சரியாக முடித்துவிட்டுப் போகும் பிடிவாதமும், தரையைப் பார்த்து நிற்பவர்கள்மேல் அவருக்கிருந்த கோபமும் இப்போது என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் விடுவதாக இல்லை.