யானையோடுதான் முடிக்க வேண்டும்

தொண்ணூறுகளின் கடைசியில் கல்கத்தாவில் ஒரு சர்வேயில் ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டராகச் சேர்ந்தேன். நாலைந்து வயதுக் குழந்தைகள் வீட்டிலும் தெருவிலும் எவ்வளவு அடிதடியைப் பார்க்கிறார்கள் என்று அளக்கும் வேலை. "இதை எந்தத் தராசுல நிறுப்பே?" என்று தமிழர்கள் நிறைந்த லேக் மார்க்கெட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் ஒரே கேலி.

தராசு படக் கார்டுகள்தான். குழந்தை எதைப் பார்த்திருக்கிறதோ அந்தப் படத்தின் மேல் ஒரு பொத்தானை வைக்கும். அம்மா பக்கத்தில் இருந்தால் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் மாறும். அதனால் அம்மாவுக்கு வேறு அறையில் வேறு கேள்விகள். எங்கள் சூப்பர்வைசர் ஷிப்ராதிக்கு இன்னொரு கண்டிப்பும் உண்டு.

"கடைசியா யானைப் படம். அடிக்கிற படத்தோட எந்தக் குழந்தையையும் எழுப்பி அனுப்பக் கூடாது."

எவ்வளவு நேரமானாலும் விடமாட்டார். மகா பிடிவாதக்காரி.

ஒருநாள் கிடர்பூர் அங்கன்வாடியில் நாலு வயது முன்னி, பெல்ட்டை ஓங்கிய ஆள் படத்தின் மேல் பொத்தானை வைத்தாள். "பாபாகிட்ட சொல்லாதே" என்றாள், அப்பாவைத்தான். யானையைக் காட்டி முடித்துக் கார்டுகளை அடுக்கினேன். பார்த்தால், வாசலில் அவள் அப்பா. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்.

"எம்பொண்ணு என்ன சொல்லுச்சு? எனக்குத் தெரிஞ்சாகணும்!"

நான் வாய் தவறினால் அடி அவளுக்குத்தான்.

ஷிப்ராதி குறுக்கே வந்து நின்றார். "குழந்தை சொன்னதை யாருக்கும் சொல்ல மாட்டோம் அண்ணா. என்ன கேட்டோம்னு வேணா காட்டறேன். உக்காருங்க. இந்த வயசுல நீங்க எதெல்லாம் பாத்தீங்க?" பொத்தான்களை அவர் கையில் வைத்தார்.

மனுஷன் முறைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, தரையில் உட்கார்ந்தார். அதே பெல்ட் படத்தின் மேல் பொத்தானை வைத்தார். "எங்க பாபா" என்றார். உடனே எழப் போனார்.

"இருங்க, இன்னும் முடியல." ஷிப்ராதி யானையை நீட்டினார்.

முன்னி ஓடி வந்தாள். "பாபா, நாம ஜூல பாத்தோமே! உன் தோள்ல உக்காந்து!"

அவர் கண் கலங்கிவிட்டது. அதற்குமேல் எதுவும் கேட்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்றோடு அவர் திருந்திவிட்டார் என்று கதை விடமாட்டேன். ஷிப்ராதியும் நம்பி உட்கார்ந்துவிடவில்லை. வாராவாரம் அந்த வீட்டுக்குப் போய் முன்னியின் அம்மாவோடு பேசினார், அவரோடும் பேசினார். அந்தத் துணிச்சலை இன்றும் நினைத்து வியக்கிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். எதிரே உட்காருகிறவர் எந்த வயதானாலும் சரி, யானையைக் காட்டாமல் எழுப்பிவிடாதீர்கள்.