துரத்தும் பக்கங்கள்

புதுப் பனியனில் மிஷின் எண்ணெய் வாடையடித்தால், இன்று இல்லாத அந்த அருள்புரம் பனியன் கம்பெனியில், செக்கிங் மேஜைக்கடியில் மறுபடி சிறுபிள்ளையாய்ப் படுத்திருக்கிறேன். மேலே செல்வியக்கா உளவாளிக் கதையை உரக்கப் படிக்க, அம்மாவும் மற்றவர்களும் பனியன்களில் நூல்பிசிறு வெட்டுவார்கள். உளவாளி காபி குடிக்கும் பக்கங்களில் விரல்களை நீவிக்கொள்வார்கள், எதிரி துரத்தினால் கத்திரிகளும் தாமாகவே பறக்கும். இதைக் கவனித்துவிட்ட சூப்பர்வைசர், "துரத்தறத மட்டும் படிங்க கண்ணு" என்றார். அதன்பின் உளவாளி காபியே குடிக்கவில்லை; அம்மாவின் கட்டைவிரலில் காய்ப்பு வெடித்து ரத்தம் கசிந்தது. துரோகி யாரென்று சொல்லும் கடைசிப் பக்கங்களை சூப்பர்வைசரே கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இந்த லோடு லாரியேறிப் போகட்டும், தர்றனுங்க" என்றார். லோடு போனதும் அம்மா பக்கங்களைக் கேட்டாள். அவர் அந்தத் தாள்களிலேயே கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தபடி, "அடுத்த லோடுக்கு வேற கதை வாங்கியார்றனுங்க அம்மிணி" என்றார்.