சொந்த வீட்டுக்கு விருந்தாளி

கடலோரத்தில் வீடு வாங்கிவிட்டு அதில் ஒரு ராத்திரிகூடப் படுக்காத மனிதன் உண்டா என்று கேட்டால், லோரிஸ் தன் புருஷனைத்தான் கைகாட்டுவாள். கிளெம் நோஸ்கே அடிலெய்டுக்கு வடக்கே கூரைத் தகடு போடுகிற வேலை பார்த்தவன். லோரிஸுக்குப் பள்ளிக்கூட கேன்டீனில் வேலை. முதுமைக்கென்று சேர்ந்த பணத்தைப் பெரிய நிறுவனத்திடம் விடாமல், தாங்களே ஓர் ஓய்வுக்கால நிதியை அமைத்து, அதற்கு இருவருமே அறங்காவலர்களாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த நிதி வாங்கியதுதான் யார்க் தீபகற்பத்தில், படகுத்துறைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன வீடு.

வினையே அதில்தான். வீடு நிதிக்குச் சொந்தம். ஓய்வு பெற்று, முறைப்படி தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளும்வரை அவர்களோ அவர்களுடைய சொந்தக்காரர்களோ அதில் தங்கக்கூடாது. வாடகை கொடுத்தாலும் கூடாது. இந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்திருக்கவே மாட்டான் என்பது லோரிஸின் கட்சி. கிளெமோ கையெழுத்துப் போடுவதற்கு முன் சமையலறை மேசையில் உட்கார்ந்து, அறங்காவலர் உறுதிமொழியை வரிவரியாகப் படித்தவன். படித்த பிறகு அவனை அசைக்க யாராலும் முடியவில்லை.

கோடையில் வீட்டை வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். குளிர்காலத்தில் ஆளில்லாத நாட்களில் இருவரும் போய்ப் பழுது பார்ப்பார்கள். கிளெம் கூரையை மாற்றினான். கடலைப் பார்த்த சுவரில் பெரிய ஜன்னல் வைத்தான். மத்தியானச் சாப்பாடு வெளியே வாசற்படியில்தான், குளிரில் கை விறைக்க விறைக்க. வெயில் இறங்கத் தொடங்கினால் போதும், சுத்தியலைப் பெட்டியில் போட்டுவிடுவான்.

"லோரிஸ், பொழுது சாயுது. கிளம்பு."

கிளம்பி எங்கே போவார்கள்? தெருக்கோடியில், கூடாரமடிக்க இடம் வாடகைக்கு விடுகிற கேரவன் பார்க்குக்கு, தங்கள் கூடாரத்துக்குள். காற்று கூடாரத்தைப் பிய்த்தெடுக்கும். லோரிஸ் முதுகைத் திருப்பிக்கொண்டு படுப்பாள்.

அவளுடைய தம்பி பேரிக்கு இது வாய்க்கு அவல். கறி சுடுகிற அடுப்பைச் சுற்றி எல்லோரும் நிற்கும்போதுதான் ஆரம்பிப்பான்.

"ஏன் மச்சான், உன் வீட்டுல நீ படுத்தா எவன் வந்து போர்வையத் தூக்கிப் பாக்கப் போறான்?"

"என் வீடு இல்ல பேரி. நிதியோட வீடு."

"அப்ப அந்த நிதியையே கூப்பிடு. வந்து மீன் பிடிச்சிட்டுப் போகட்டும்!"

எல்லோரும் சிரித்தார்கள். கிளெமும் சிரித்தான். ஆனால் அதே பேரி, கிறிஸ்துமஸுக்கு முழு வாடகை தருகிறேன், குடும்பத்தோடு தங்கிக்கொள்கிறேன் என்று கேட்டபோது கிளெம் முடியாது என்றுவிட்டான். அந்த வருஷம் பேரி அவர்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. லோரிஸ் வெட்டிவைத்த பன்றித்தொடைக் கறி பாதி அப்படியே மிஞ்சியது.

"இன்னும் கொஞ்ச வருஷந்தான்," என்று கிளெம் சமாதானம் சொன்னான். "அப்புறம் ராத்திரி பூரா படுத்துக்கிட்டே கடலக் கேக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அந்தக் கொஞ்ச வருஷம் அவனுக்குக் கிடைக்கவில்லை. இருமல் என்று போனவனிடம் நுரையீரலில் புற்று என்றார்கள்.

நிதிக் கணக்கைப் பார்க்கும் டாரில் வீட்டுக்கே வந்து விளக்கினான். "இனி அதிக நாள் இல்லன்னு ரெண்டு டாக்டருங்க எழுதிக் குடுத்துட்டா, இப்பவே நிதியிலேருந்து வீட்ட எடுத்துக்கலாம் கிளெம். ஆனா மதிப்பு போடணும், பத்திரம் மாத்தணும், மாசக்கணக்காகும். பேர் மாறுற வரைக்கும் பழைய கதைதான்."

அவன் போன பிறகு லோரிஸ் கெஞ்சினாள். "ஒரே ஒரு ராத்திரி, கிளெம். படுத்துட்டு விடிஞ்சதும் பூட்டிட்டு வந்துரலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"யாராவது தங்குனீங்களான்னு தணிக்கைக்காரர் வருஷா வருஷம் கேப்பாரே. அடுத்த தடவ நீ தனியாத்தான் பதில் எழுதணும்."

"எழுதுறேன். இல்லன்னு எழுதுறேன்."

"உனக்குப் பொய் சொல்ல வராது. மாட்டுனா அபராதம் உன் தலையில விழும். அப்ப நான் எங்க இருப்பேன்?"

அவளுக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாகக் கிடக்கிறவன் தனக்காக ஒரு ராத்திரியைக் கேட்காமல், அவளுக்காக அதை விட்டுக்கொடுக்கிறானே என்று தாங்கவில்லை.

ஜனவரியில், அந்தப் பக்கத்துக் கோடையில், ரோட்டிலிருந்தாவது பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். வீட்டில் வாடகைக்கு வந்த குடும்பம் இருந்தது. காரை எதிரே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலை ஈரம் காயாத இளம்பெண் ஒருத்தி வெளியே வந்தாள்.

"யாரையாவது தேடுறீங்களா?"

"இல்லம்மா. இந்தக் கூரை நான் போட்டது. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நோய் எழுதி ஒட்டியிருந்தது. "உள்ள வாங்க. டீ போடுறேன்."

கிளெம் லோரிஸ் பக்கம் திரும்பினான். "அவங்க வாடகைக்கு எடுத்த வீடு. அவங்களே கூப்பிடுறாங்க. விருந்தாளியா போனா தப்பில்ல, இல்ல?"

"தப்பே இல்ல," என்றாள் லோரிஸ். அந்த நேரத்தில் என்ன கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், அவன் வைத்த ஜன்னலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். டீயைப் பாதி குடிப்பதற்குள் கண்ணயர்ந்துவிட்டான். பல நாட்களாக அவன் அப்படித் தூங்கவில்லை.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இந்த வீட்டுக்காரங்க குடுத்துவச்சவங்க. நெனச்சப்பல்லாம் வந்து இருந்துட்டுப் போவாங்க போல."

"ஆமா," என்றாள் லோரிஸ். "குடுத்துவச்சவங்க."

வெயில் நாற்காலிக் காலைத் தொட்டபோது அவன் தானாகவே விழித்துக்கொண்டான். "லோரிஸ், பொழுது சாயுது. கிளம்பு."

பத்திரம் மாறுவதற்கு முன்பே கிளெம் இறந்துபோனான். பாக்கி வேலைகளை டாரில் முடித்துக்கொடுக்க, வீடு லோரிஸின் பெயருக்கு வந்தது. இலையுதிர்காலத்தில் புது விரிப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு தனியாகப் போனாள். பெருக்கினாள், படுக்கையை விரித்தாள், ஜன்னலைத் துடைத்தாள். பிறகு அடுப்பை அணைத்து, பையை எடுத்து, கதவைப் பூட்டிக்கொண்டு கார்வரை வந்துவிட்டாள். சாவியைப் போடும்போதுதான் உறைத்தது. பொழுது சாய்ந்திருந்தது. கிளம்பு என்று யாரும் சொல்லவில்லை.

திரும்பிப் போய்க் கதவைத் திறந்தாள். ராத்திரி முழுக்கக் கடல் இரைந்தது. சட்டத்தைத் திட்டினாள், அவனையும் திட்டினாள். அப்புறம், "கேக்குதா கிளெம்?" என்று கேட்டு வாய்விட்டு அழுதாள்.