முப்பத்தைந்து மார்க்குக்கு இயற்பியல்

திருப்புதல் வகுப்பு என்பது, ஒரு தடவை புரியாமல் போனதை இன்னொரு தடவை வேகமாகச் சொல்வது; என்னைப் போல டீச்சர் வேலையில் மாட்டிக்கொண்ட நீங்கள் யாரும் இதை மறுக்க மாட்டீர்கள். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் நடக்கும் டுட்டோரியலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்தாம் வகுப்பு அறிவியல் எடுக்கிறேன். வருகிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லை. எப்போதோ பத்தாவதோடு நின்றுபோய், இப்போது தனித்தேர்வு எழுத வருகிறவர்கள். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள் என்பதால் அண்ணே, அக்கா என்று கூப்பிட்டுத்தான் கேள்வி கேட்பேன். போன பேட்சில் வந்த மூன்று பேரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டு வினாடியில் நின்ற லாரி

முருகேசன் அண்ணன் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் ஓட்டுகிறவர். பத்தாவது பாஸானால் ஷெட்டில் சூப்பர்வைசராகப் போடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். உந்தம் பாடம் நடத்திய அன்று, நானும் உங்களைப் போலவே வருடா வருடம் போடும் கணக்கைப் போட்டேன். இரண்டாயிரம் கிலோ நிறையுள்ள லாரி மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, பிரேக் போட்டதும் இரண்டு வினாடியில் நிற்கிறது, விசை எவ்வளவு?

எல்லாரும் எழுதினார்கள். அவர் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். புரியவில்லையா என்று கேட்டேன். காலி டிப்பரே பத்து டன் வருமே, இது என்ன லாரி என்று கேட்டார். லோடு வண்டிக்கும் காலி வண்டிக்கும் ஒரே வேகம்தான் என்றாலும் பிரேக் மிதிக்க ஆரம்பிக்கும் இடம் வேறு வேறு என்று, தான் தினமும் தாண்டும் ரயில்வே கேட்டை வைத்து விளக்கினார். நிறையும் வேகமும் சேர்ந்ததுதான் உந்தம் என்பதை அதைவிடத் தெளிவாக நான் சொன்னதில்லை. அப்புறம் கணக்கையும் போட்டு, இருபதாயிரம் நியூட்டன் என்று சரியாக விடை எழுதி நோட்டை நீட்டினார்.

"கணக்கு சரிதாங்க டீச்சர், ஆனா அந்த டிரைவரு உசுரோட இருக்க மாட்டான்."

பலகையில் மூன்று பல்பு

நூர்ஜஹான் லப்பைக்குடிகாட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கணவர் துபாயில் எலக்ட்ரீசியன். தொடரிணைப்பு, பக்க இணைப்பு இரண்டுக்கும் நான் சூத்திரத்தை எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டேன். பாடம் முடிக்க வேண்டிய அவசரம் உங்களுக்குத் தெரியாததா.

அடுத்த வாரம் அவர் ஒரு துணிப்பையிலிருந்து மரப்பலகை ஒன்றை எடுத்தார். அதில் மூன்று சின்ன பல்பு, ஒரு பேட்டரி. ஒரு பல்பைக் கழற்றினார், மற்ற இரண்டும் அணைந்தன. ஒயரை மாற்றி முடுக்கினார், இப்போது ஒன்றைக் கழற்றினாலும் மற்றவை எரிந்தன. பின்பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். கணவர் வீடியோ காலில் ஒவ்வொரு ஒயராகச் சொல்லச் சொல்ல, நான்கு நாள் உட்கார்ந்து இவரே செய்தாராம். கணவரும் பத்தாவது முடிக்காதவர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எனக்கு முன்னாடி நீ பாஸாயிட்டா மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு, அவுங்களும் புத்தகம் அனுப்பச் சொல்லிட்டாங்க டீச்சர்."

ஆறா, எட்டா?

செல்வராணி அக்காவைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. திருமானூர்க்காரர். ஒரு ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கும் வேலை. பத்தாவது இருந்தால் வார்டு உதவியாளர் ஆகலாம். ஏற்கெனவே இரண்டு தடவை எழுதித் தவறியவர். பரீட்சைத் தாளில் ஆறை எட்டு என்று படிப்பார், கேள்வியையே தப்பாக வாசித்து வேறு எதையோ எழுதுவார். கவனமே இல்லை என்று எல்லார் முன்னாலும் பல தடவை கடிந்திருக்கிறேன்.

கண்ணின் குறைபாடுகள் பாடம் வந்தது. நாற்பது வயதுக்கு மேல் பக்கத்தில் இருக்கும் எழுத்து மங்கும், புத்தகத்தைத் தள்ளிப் பிடிப்பார்கள், இதுதான் வெள்ளெழுத்து, குவிலென்சு போட்டால் சரியாகும் என்று ஒப்பித்தபடியே நிமிர்ந்தேன். அக்கா புத்தகத்தைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். எத்தனையோ வருடமாக அந்தப் பாடத்தை நடத்துகிற எனக்கு, இரண்டு மாதமாக எதிரிலேயே இருந்தது தெரியவில்லை. வகுப்பு முடிந்ததும் மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் எதற்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு கறுப்பு ஃபிரேம் போட்ட கண்ணாடியோடு வந்தார். கேள்வித்தாளை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாக, ஒரு பிழையில்லாமல் வாசித்தார்.

"இத்தன நாளா நான் மக்குன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன் டீச்சர்."

ரிசல்ட்

நூர்ஜஹான் நல்ல மார்க்கில் பாஸ். செல்வராணி அக்காவும் பாஸ். செல்போனில் தன் பெயரைத் தானே இரண்டு தடவை படித்த பிறகுதான் நம்பினார். முருகேசன் அண்ணன் மட்டும் இரண்டு மார்க்கில் விட்டுவிட்டார்.

எப்படித் தேற்றுவது என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, அடுத்த பேட்சின் முதல் வகுப்புக்கு எனக்கு முன்னாலேயே வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். இயக்க விதிகளில் ஒரு கேள்வி வந்ததாம். அதற்கு மட்டுமே நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். தாவரவியல் பக்கம் திரும்பும்போது மணி அடித்துவிட்டது. நேரத்தைப் பார்த்து எழுத வேண்டாமா என்று கேட்டுவிட்டேன். அவர் சங்கடமாகச் சிரித்தார்.

"தெரிஞ்ச கேள்வி வந்துச்சுங்க டீச்சர், அத விட்டுட்டு அடுத்ததுக்குப் போக மனசு வரல."

முப்பத்தைந்து வாங்கினால் போதும் என்று வாரா வாரம் இவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிற எனக்கு, நான் பாடம் நடத்தும் லட்சணத்துக்கு இவர்கள் மார்க் போட்டால் அந்த முப்பத்தைந்து தேறுமா என்று கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.