அப்சானா கேட்ட நாற்காலி

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரையும் வேலைக்கு அப்சானா சேர்ந்தது இரண்டாயிரத்து மூன்றில். அவளுடைய அத்தா அலி அக்பர் விருதுநகரில் பருப்புக் கடை வைத்திருந்தார். காலையில் பஸ் ஏறி வந்து கம்ப்யூட்டர் அறைக்குள் போனால் சாயங்காலம்தான் வெளியே வருவாள். வெளியூர் வியாபாரிகள் யாரும் அந்தப் பக்கம் வந்ததில்லை. அவள் வரைந்ததை முதலாளி அறைக்குக் கொண்டுபோய், அங்கே வரும் வியாபாரிகளிடம் பேசி ஆர்டர் பிடிப்பது செல்வக்குமாரின் வேலை.

ஒரு சீசனில் நாக்பூர் வியாபாரி ஒருவருக்காகப் புஸ்வாணப் பெட்டிக்கு மயில் வரைந்தாள். தோகைக் கண்களெல்லாம் தீப்பொறியாகச் சிதறும் மயில். திருப்தி வராமல் அழித்து அழித்துப் போட்டாள். பார்த்த மாத்திரத்தில் அவர் தன் சரக்கு மொத்தத்துக்கும் லேபிள் அடிக்கும் ஆர்டரை அங்கேயே கொடுத்துவிட்டார்.

ஆயுத பூஜையன்று முதலாளி சங்கரபாண்டியன் எல்லோர் முன்னாலும், அந்த ஆர்டரைப் பிடித்ததற்காகச் செல்வக்குமாருக்குப் புது பைக் சாவி கொடுத்தார். மற்றவர்களுக்குப் பொரியும் இனிப்பும். அப்சானாவும் கை தட்டினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

லீவு முடிந்து வந்தவள் நேரே முதலாளி அறைக்குப் போனாள். செல்வக்குமாரும் அங்கே இருந்தான்.

“மொதலாளி, அந்த மயில வரைஞ்சது நான்.”

“நீயாம்மா? படமெல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்கும், எடுத்துப் போடுறீகன்னுல்ல நெனச்சேன்.”

கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

செல்வக்குமார் எழுந்தான். “பார்ட்டிக்குப் பிடிச்சது மயிலத்தான் மொதலாளி. நான் வாயே தொறக்கல. படத்த வச்சேன், ஆர்டர் தந்துட்டாக. அன்னைக்கே சொல்லிருக்கணும்.”

முதலாளி அவள் பக்கம் திரும்பி, “என்னம்மா வேணும், கேளு” என்றார்.

“அடுத்து பார்ட்டி வந்தா எனக்கும் இங்கன ஒரு சேர் போடுங்க. நல்லாருக்கோ இல்லையோ, எங்கிட்டயே சொல்லட்டும்.”

போட்டார்கள். முதல் தடவை அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். “இவங்கதான் வரைஞ்சது” என்று செல்வக்குமார் அரைகுறை இந்தியில் சொன்னதும் நாக்பூர்க்காரர் எழுந்து கும்பிட்டார். தன் கடை விளக்கு வெளிச்சத்தில் அந்த நீலம் கறுப்பாகத் தெரிகிறது என்றும் சொன்னார். அதை இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. மறு அச்சில் நீலத்தை வெளுப்பாக்கினாள்.

பொங்கலுக்குக் கம்ப்யூட்டர் அறைக்கும் சம்பளம் ஏறியது. ஆர்டருக்கான போனஸில் வரைந்தவருக்கும் பங்கு என்று முதலாளி சொன்னார். அதே அறையில் கூட வரைந்துகொண்டிருந்து, மனம் வெறுத்து முன்பே வேறு அச்சகத்துக்குப் போய்விட்ட பொன்மணிக்கு இதெல்லாம் கிடைக்கவில்லையே என்பதுதான் அப்சானாவுக்கு வருத்தம்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அங்கேதான் வேலை பார்த்தாள். வேறு கம்பெனிகள் கூப்பிட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டால் சிரிப்பாள்.

“செல்வக்குமார் அண்ணே அன்னைக்குப் பேசாம இருந்திருக்கலாம், யாரு கேக்கப் போறா? மொதலாளியும் வீம்பு பிடிக்கல. அவுக ரெண்டு பேருக்கும் நான் துவா கேக்காத நாளில்ல.”