மட்டாஞ்சேரி லாட்ஜில் முளைத்த பொக்காளி

என் தங்கை செல்வி ஊர் சுற்றுகிற ஆளே இல்லை. வேதாரண்யத்தில் அவள் வயலில் கடல்நீர் ஏறி, இரண்டு வருடமாக நெல் கருகிவிட்டது. பக்கத்து இறால் பண்ணைக்காரர் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். இறாலுக்கு விட்ட நிலம் மறுபடி நெல்லுக்குத் திரும்புவது குதிரைக்கொம்பு. "உப்புத் தண்ணியிலயே நெல்லு வெளையுற ஊரு கொச்சிப் பக்கம் இருக்காம்க்கா. அதப் பாத்துட்டு சொல்றேன்" என்றாள். இப்படித்தான் ஜூன் மாதம் கிளம்பினோம்.

வேளாங்கண்ணியில் மாலை ரயில் ஏறினால் மறுநாள் மதியவாக்கில் எர்ணாகுளம். தினமும் கிடையாது, கிழமை பார்த்துக்கொள்ளுங்கள். மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் அறை, இருவருக்கு எண்ணூறு ரூபாய். கீழே சுக்குக் கிடங்கு. எனக்கிருந்த ஜலதோஷம் முதல் நாளே ஓடிவிட்டது.

மறுநாள் காலை கும்பளங்கிக்கு ஆட்டோ: பத்து கிலோமீட்டர், முந்நூறு ரூபாய். வழியில் தோப்பும்படியில் மீன் லாரிகளுக்கு நடுவே ஓட்டுநர் திரும்பி, "சீனவலை காணான் போவுகயாணோ, சேச்சி?" என்றார். சுற்றுலாக்காரர்கள் சீனவலை பார்க்கத்தான் வருவார்களாம். தஞ்சாவூர் பக்கமிருந்து நெல் பார்க்க வந்தோம் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். "தஞ்சாவூர் பக்கத்துக்காரங்க நெல்லு காணான் கொச்சிக்கோ!"

தெரிந்தவர் ஒருவர் சொல்லி வைத்திருந்த விவசாயி திரேசியம்மா எங்களுக்காகக் காத்திருந்தார். வருடாவருடம் வேளாங்கண்ணி மாதா கோவிலுக்கு வருவதால் தமிழ் பேசுவார். கொட்டகையில் வாழையிலை விரித்த ஓலைக்கூடைகள். ஒன்றைத் திறந்து காட்டினார். உப்புநிலத்தில் விளையும் பொக்காளி நெல், முளைவிட்டதுதான், ஆனால் முளையெல்லாம் சுருங்கிக் காய்ந்திருந்தது.

செல்வியின் முகம் விழுந்துவிட்டது. "காஞ்சு போச்சேக்கா. இனிமே கோழிக்குத்தான்." எங்கள் பக்கம் முளைகட்டிய விதையை உடனே தெளித்துவிடுவோம். காய்ந்தால் செத்தது என்றுதான் கணக்கு.

"மரிச்சிட்டில்ல மோளே, ஒறங்குது" என்றார் திரேசியம்மா. "மழ பெஞ்சு மண்ணுல உள்ள உப்பு கழுவிப் போகணும். அதுவரைக்கும் கூடையில ஒறங்கட்டே. பின்னே கொறச்சு நேரம் நல்ல வெள்ளத்துல முக்கினா எழுந்திடும்." வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர்.

விதையை நனைத்து உசுப்பி, நிறுத்தி வைப்பதை ஆய்வுக்கூடங்களில் ப்ரைமிங் என்கிறார்கள். இந்தக் கூடை அதற்கு நெருங்கிய சொந்தம். உப்பைத் தாங்கும் புதிய ரகங்கள் பலவற்றைப் பொக்காளியோடு கலந்துதான் உருவாக்கினார்கள். மரபணுவையே திருத்திய நெல்லும் வருகிறதாம். வரட்டும், செல்வி முதல் ஆளாக வாங்குவாள். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் கைக்கு வராதே.

கிளம்பும்போது திரேசியம்மா ஒரு பிடி விதையைத் துணியில் முடிந்து கொடுத்தார். லாட்ஜ் குழாயில் வந்ததோ உப்புத் தண்ணீர். கடையில் பாட்டில் வாங்கி மக்கில் ஊற்றினோம். நெல்லுக்கு மினரல் வாட்டர் வாங்கியது எங்கள் வம்சத்தில் இதுவே முதல்முறை. சில மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்தாள். அன்று பிரியாணிகூட அவளுக்கு இறங்கவில்லை.

காலையில் துணியைப் பிரித்தால், காய்ந்த முளைகளுக்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று புது வேர். செல்வி அழுதுவிட்டாள். "மழ வரலன்னு போன வருஷம் காஞ்ச மொளவெதைய மூட்டையோட கோழிக்குக் கொட்டுனேனேக்கா!" அங்கேயே பண்ணைக்காரருக்குப் போன் போட்டாள். "அண்ணே, இந்த வருஷமும் நெல்லுதான்."

போகிறவர்களுக்கு: பருவமழை தொடங்கும் ஜூனில் போனால்தான் கூடைகளைப் பார்க்கலாம். குடை, ரப்பர் செருப்பு அவசியம். கேட்காமல் வரப்பில் கால் வைக்காதீர்கள். விவசாயிகளுக்கு இன்னொன்று. "உன் வித்து இப்படி ஒறங்குமோன்னு எனக்கறியில்ல, ஒரு பிடி பரீட்சிச்சு நோக்கு" என்று திரேசியம்மா சொல்லித்தான் அனுப்பினார்.

ஊருக்கு வந்ததும் செல்வி தன் விதையில் ஒரு பிடியை முளைகட்டிக் காயவிட்டு, மறுபடி நனைத்துச் சோதித்தாள். பாதிக்கு மேல் எழுந்தது. அந்தத் தைரியத்தில் முளைகட்டி வைத்து, ஐப்பசி மழை உப்பைக் கழுவும்வரை காத்திருந்து தெளித்தாள். போன வாரம் பார்த்தேன். வரப்போரம் திட்டுத் திட்டாகக் கருகல், மற்றதெல்லாம் பச்சை. இந்த வருடம் கோழிகளுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.